ஈமக் கடனும் நிலமும் நீரும்: தெல்தெனியப் பகுதியை முன்னிட்டு ஆசிரியர்க்கு ஒரு பாடம்

உடம்பு ஐம்பூதங்களாலாயது, உயிர் நீங்கியபின் அஃது அப்பூதங்களிலேயே ஒடுங்கற்பாலது. இதனைச் சைவ வினாவிடை பயிலுஞ் சிறாரும் அறிவர். ஆயின், அவ்வொடுக்கம் எவ்வழியாக நிகழ்கின்றது, அதனால் நிலமும் நீரும் காற்றும் எய்தும் நன்மை யாது, தீமை யாது என்னும் வினாக்களை நம் பாடசாலைகளில் எழுப்புவார் மிகச் சிலரே. சாவைப் பற்றிப் பேசுதல் அமங்கலமென்று ஒதுக்கும் வழக்கம் இதற்கொரு காரணம். இறைவன் ஆடல்புரியும் அரங்கு சுடுகாடென்றும், அவ்வாடலைக் காரைக்காலம்மையார் திருவாலங்காட்டிற் கண்டு களித்தனரென்றும் வகுப்பிற் கற்பித்துவிட்டு, நம் ஊர்ச் சுடுகாட்டைப் பற்றி வாய்திறவாதிருத்தல் பொருந்துமாறில்லை.

மேலும், தோட்டப்புறங்களில் ஒருவர் இறந்தால் முதலில் ஆளனுப்பப்படும் வீடுகளுள் ஒன்று ஆசிரியர் வீடு. மரண அறிவித்தல் எழுதுதல், கிராம அலுவலரிடஞ் செல்லுதல், எரிப்பதா புதைப்பதா என்று உறவினர் இருபிரிவாக நிற்கும்போது நடுவு நிற்றல் ஆகிய இவையெல்லாம் அவர் தலையிலேயே விழுகின்றன. அந்நேரத்தில் ஆராய்ந்து முடிவு செய்தல் எவர்க்கும் இயலாது. மலர்ச்சாலைக்காரர் சொன்னதே முடிவாகும். கடனும் அன்றே ஏறும். ஆதலின் இப்பொருளை முன்னரே கற்றுவைத்தல் ஆசிரியர்க்குக் கடன்.

இடத்தின் இயல்பு

தெல்தெனிய கண்டி நகருக்குக் கிழக்கே மெததும்பறைப் பிரிவில் உள்ளது. இன்று நாம் காணும் பட்டினம் பழைய பட்டினமன்று. மகாவலி கங்கைக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமுமாகக் கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. 72 கோடி கன மீற்றருக்கு மேற்பட்ட நீரைத் தாங்கும் அத்தேக்கத்துள் பழைய தெல்தெனிய ஆழ்ந்தது. ஊர் கரலியத்த மேட்டில் புதிதாக அமைந்தது. கடுங்கோடையில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதைக் காணப் பலர் செல்வதுண்டு. ஓர் ஊர் நீருள் மறையும்போது வீடும் வயலும் மாத்திரமா மறைகின்றன? முன்னோரை வைத்த இடமும் உடன் மறையுமன்றோ? அதனை எவரும் கணக்கிலெழுதுவதில்லை.

இத்தேக்கத்துக்கு வடக்கே தும்பறை மலைத்தொடர் நிற்கின்றது. நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட அம்மலைக் காடு, மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து இறங்கும் உலு கங்கை விக்டோரியாத் தேக்கத்திற் கலக்கின்றது. தேக்கத்தைச் சூழ்ந்த நிலம் 1987இல் விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை சரணாலயமாக்கப்பட்டது. மலைக்கும் தேக்கத்துக்கும் இடையே ரங்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அவற்றின் லயங்களில் நம்மவர் வாழ்கின்றனர். ஆகவே இங்கே மண்ணில் இடப்படுவது எதுவாயினும், மழைக்காலத்தில் அது செல்லும் வழி ஒன்றே: சரிவிலிருந்து பீலிக்கு, பீலியிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து தேக்கத்துக்கு. இவ்வழியை மாணாக்கர் மனத்திற் பதித்தல் இப்பாடத்தின் முதற்படி.

புதைத்தல் இழிவோ?

தோட்டத் தமிழருள் இறந்தோரைப் புதைக்கும் வழக்கம் பெரிதும் உண்டு. தகனமே சைவர்க்குரியது, புதைத்தல் கல்லாதார் வழக்கு என்று சீர்திருத்தம் பேசுவோர் சிலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றை ஆராய்வோம்.

புகார் நகரத்துச் சக்கரவாளக் கோட்டத்தை வருணிக்கும் மணிமேகலை, இறந்தோர் உடலை ஒடுக்கும் முறைகள் ஐந்தனைக் கூறுகின்றது. எரித்தல் அவற்றுள் ஒன்று. குழியிற் படுத்தலும் தாழியிற் கவித்தலும் அதனோடொப்பவே எண்ணப்பட்டன. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் இரீ அகழ்ந்து கண்ட தாழிகளும், இலங்கையிற் பொன்பரிப்பில் வெளிப்பட்ட தாழிகளும், தம்புள்ளைக்கருகே இப்பன்கட்டுவையிற் காணும் கற்கிடைகளும் இதற்குச் சான்று. இவை சமயநூல் அல்லவே எனின், திருமந்திரத்தை நோக்குக. அதன் ஏழாந் தந்திரத்திற் சமாதிக் கிரியை என்றே ஒரு பகுதி உண்டு. ஞானியின் உடலைத் தீயிலிடலாகாதென்றும், ஒன்பது சாண் ஆழத்திற் குகை செய்து, திருநீறும் சுண்ணமும் நறுமணப் பொருளும் நிறைத்து, அதனுள் இருத்தவேண்டுமென்றும் அஃது உரைக்கின்றது. அதற்கேற்ற நிலங்களை எண்ணுமிடத்து மலைச்சாரலும் காடும் சோலையும் சொல்லப்படுகின்றன. பெட்டி சொல்லப்படவில்லை. நம் மலைநாட்டிலேயே நாவலப்பிட்டிக்கருகில், குயின்ஸ்பெரித் தோட்டத்தில், நவநாத சித்தர் சமாதி தேயிலைகளின் நடுவே இருத்தலை அன்பர் பலர் அறிவர். வீரசைவர் யாவரும் சமாதி வைக்கும் மரபினர். பால்மணம் மாறாக் குழவிகளையும் துறவியரையும் புதைத்தல் எரிக்கும் குலத்தாரிடத்தும் உள்ளதே.

அற்றேல், குளக்கரையையும் ஆற்றிடையையும் அந்நூல் கூறுதலின் நாமும் நீர்நிலையருகே புதைக்கலாமோ எனின், ஆகாது. அது நூற்றாண்டுக்கொருவராய்த் தோன்றும் ஞானியர்க்கு விதித்தது. ஊரார் அனைவர்க்கும் அன்று. ஓர் உடல் ஆற்றங்கரை மண்ணிற் கரைதலும் ஓராண்டில் ஐம்பது உடல் அங்கே கரைதலும் ஒன்றல்ல.

தகனமும் சைவர்க்குத் தொன்றுதொட்டு உரியதே. அந்தியேட்டிக் கிரியைகள் தகனத்தை ஒட்டியே பெரிதும் வகுக்கப்பட்டுள்ளன. பூம்பாவையின் சாம்பலும் என்பும் குடத்திலே பேணப்பட்டதனாலன்றோ மயிலாப்பூரில் ஞானசம்பந்தர் அருள் வெளிப்பட்டது! யாம் சொல்ல வருவது இவ்வளவே: இரண்டும் நம் மரபிலுள்ளன, ஒன்றை உயர்த்தி மற்றதை இழித்தற்கு நூல் துணையில்லை. எனவே எதனைத் தெரிதல் என்னும் வினா, இடத்தையும் நீரையும் விறகையும் வீட்டார் பொருள்நிலையையும் நோக்கித் தீர்க்கப்படலாம்.

இக்காலத்து மேனாட்டார் இதனைப் புதுக்கண்டுபிடிப்புப் போலப் பேசுகின்றனர். இங்கிலாந்திலே கார்லைல் நகரில் 1993இல் ஒரு காட்டு மயானம் திறக்கப்பட்டது. அங்கே உடலுக்கு மருந்தேற்றுவதில்லை; எளிதில் மக்கும் பெட்டியோ துணியோ மாத்திரம்; கல்லுக்குப் பதிலாக மரம் நடப்படும். அதனைப் பின்பற்றிப் பற்பல நாடுகளில் அத்தகைய மயானங்கள் எழுந்துள்ளன. நம் தோட்டத்துப் பாட்டனைத் துணியிற் சுற்றிப் பாடையிலேற்றித் தப்பு முழங்கத் தூக்கிச்சென்று மண்ணில் வைத்ததும் அதுவேயன்றோ என்று மகிழத் தோன்றும். அம்மகிழ்ச்சியை யாம் முழுவதும் ஏற்கமாட்டோம். கல்லை வேண்டாமென்று விடுத்தவனும் கல் நாட்ட உரிமையற்றிருந்தவனும் ஒருவரல்லர். 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு மலையக மக்கள் இருநூறாண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தபோது, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியிற் காடுகளில் வீழ்ந்து பெயரும் குழியுமின்றிப் போனவரையே முதலில் நினைந்தோம். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. உரிமையாளர் மாறியபோதெல்லாம் சவக்காலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயினும் அது புதைத்தவர்க்கு உரிமையாகவில்லை. எளிய ஈமத்தைப் போற்றுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. எல்லை குறித்த, பெயர்ப்பதிவுள்ள சவக்காலை இருந்தாலன்றி எளிமை என்பது வறுமையின் மறுபெயராய்விடும்.

மண் செய்யும் வேலை

உடலைக் கரைப்பது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். மேல்மண்ணிற் காற்றோட்டம் மிகுதியாதலின் அங்கே அவை விரைந்து தொழில்புரியும். ஆழஞ் செல்லச் செல்லக் காற்றுக் குறைந்து கரைதல் தாமதமாகும். நீர் தேங்குங் குழியிலோ உடல் நெடுங்காலங் கரையாமல் நிற்பதும், அழுகிய நீர் அண்டையில் ஊறுவதும் உண்டு. இக்காரணத்தால் உலக சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சில அளவுகளைக் கூறியது. குடிநீர் எடுக்குங் கிணறு அல்லது ஊற்றிலிருந்து 250 மீற்றருக்குள் புதைத்தலாகாது. பிற ஊற்று, ஓடைகளிலிருந்து 30 மீற்றர் விலகவேண்டும். வயல் வடிகாலிலிருந்து 10 மீற்றர். குழியின் அடிக்குக் கீழே ஒரு மீற்றர் மண்ணேனும் இருத்தல் வேண்டும். மேலேயும் ஒரு மீற்றர் மண் மூடவேண்டும்.

இவ்வளவுகள் மலைநாட்டுக்கு எத்துணைக் கடினமென்பது நமக்கே தெரியும். லயத்துக்கு மேலே சவக்காலை, லயத்துக்குக் கீழே பீலி என்று அமைந்த இடங்கள் உண்டு. சில இடங்களில் இரண்டடி தோண்டினாற் பாறை. சரிவான நிலத்திற் பெருமழையில் மண் நழுவுமாதலின், தேயிலைச் செடியைப் பிடுங்கி அங்கே குழிதோண்டுதலும் ஆபத்தே. எனினும் 250 மீற்றர் கிட்டாதென்று அளவையே கைவிடலாகாது. கிட்டும் இடங்களுள் ஊற்றுக்குத் தொலைவானதை, அதனினும் முக்கியமாக ஊற்றுக்கு மேற்புறமல்லாததைத் தெரிவது நம் கையிலுள்ளது.

மண் தன் வேலையைச் செய்யவொட்டாமல் தடுப்பன மூன்று. முதலாவது, வார்னிஷ் பூசிய கனமரப் பெட்டி. இரண்டாவது, பெட்டிக்குள் விரிக்கும் பொலித்தீனும் செயற்கைப் பட்டும். மூன்றாவது, உடலுக்கு ஏற்றும் மருந்து. மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும்; ஏனெனில் முன்னிரண்டும் கண்ணுக்குத் தெரிவன, இது தெரியாதது.

மலர்ச்சாலைகளில் உடலிலேற்றும் மருந்தின் முதற்பொருள் போர்மலின். அது போர்மல்டிகைட்டு என்னும் வாயு நீரிற் கரைந்தது. நுண்ணுயிரைக் கொல்லுதலே அதன் தொழில். அதனாலேதான் உடல் கெடாதிருக்கின்றது. மண்ணிற் சென்றபின்னும் அது முதலில் அதனையே செய்யும். போர்மல்டிகைட்டு மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் முடிவு செய்தது. அதனை நாடோறுஞ் சுவாசிப்பவர் மலர்ச்சாலைத் தொழிலாளர். இறந்தவரை அழகுபடுத்தும்பொருட்டு உயிரோடிருப்பவன் ஒருவன் நோயேற்றல் சைவர்க்கு அடுக்குமோ?

அற்றேல் மருந்தேற்றுவது ஏன்? வீட்டார் பிழையென்று கூறிவிடுதல் எளிது, அஃது உண்மையன்று. தாய் வளைகுடா நாட்டிற் பணிப்பெண்ணாயிருக்கிறாள். மகன் கொழும்பிற் கடையில் நிற்கிறான். அவர் வந்து முகம் பார்க்கும்வரை உடலை வைத்திருக்கவேண்டும். அந்நாட்களில் வீடு நிறைந்த சனம், வெப்பம். இத்துயரை மதியாது அறிவுரை கூறுபவன் கேட்கப்படான். வழி யாதெனில், குளிரூட்டிய பெட்டி கிடைக்குமிடத்து அதனை வாடகைக்குப் பெறுதல் ஒன்று. வரவேண்டியவர் அனைவரும் ஊரிலிருக்கும்போது மருந்தின்றி அன்றோ மறுநாளோ அடக்கம் முடித்தல் மற்றொன்று. யாவரும் வந்துவிட்ட பின்னரும் “நாலு நாள் வைத்தாற்றான் மரியாதை” என்று காத்திருப்பதற்கு மாத்திரம் காரணம் இல்லை.

பெட்டியைக் குறித்தும் ஒரு செய்தி. 2021இல் தொற்றுநோய்க் காலத்தில் தெஹிவளை கல்கிசை மாநகர சபை, பழங்காகிதத்தை மீளப் பயன்படுத்திச் செய்த அட்டைப்பெட்டிகளைப் பிரேதப்பெட்டியாக அறிமுகஞ் செய்தது. 100 கிலோகிராம் எடையை அவை தாங்கும். விலை மரப்பெட்டியினும் மிகக் குறைவு. அட்டையில் வைப்பதா என்று முகஞ்சுளித்தோர் உளர். பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றுங் கொண்டு கட்டிய பாடை எந்த மரத்தாற் செய்தது? முன்னோர் அதில்தான் சென்றனர்.

தீயும் விறகும்

திறந்த சிதை ஒன்றுக்கு 400 முதல் 600 கிலோகிராம் வரை விறகு வேண்டும் என்பர். அவ்வெப்பத்திற் பெரும்பகுதி காற்றிலே வீணாகின்றது. நனைந்த விறகானால் மண்ணெண்ணெயும் டயரும் சேர்க்கப்படும். அப்புகை மகா தீங்கானது. டயர் எரித்தலை ஆசிரியர் எவ்விடத்துங் கண்டிக்கவேண்டும். வட இந்தியாவில் மோட்சதா என்னும் அமைப்பு 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு மேடையைப் பரப்பி வருகின்றது. தரையினின்று உயர்த்திய இரும்புத் தட்டியின்மேல் விறகடுக்கி, கீழிருந்து காற்றுப் புகவிட்டு, மேலே கூண்டும் புகைபோக்கியும் அமைப்பர். 150 முதல் 200 கிலோகிராம் விறகிலே தகனம் முடிகின்றது. கொள்ளி வைத்தல், வாய்க்கரிசி, கபாலக் கிரியை ஆகிய சடங்குகளுக்கு அது தடையில்லை. தமிழ்நாட்டு நகராட்சிகள் பல எரிவாயு மேடைகளை அமைத்துள்ளன. அடுப்பின் தத்துவம் அறிந்த கொல்லன் ஒருவனும் சில நூறு செங்கல்லும் இருந்தால், அத்தகைய உயர்ந்த தட்டியைத் தோட்டத்துச் சவக்காலையிலும் அமைக்கலாம் என்பது எம் கருத்து.

கண்டி மாநகரில் மகியாவை மயானத்திலே தகனசாலை உண்டு. தெல்தெனியவிலிருந்தும் அதற்கப்பாலுள்ள தோட்டங்களிலிருந்தும் அங்கே செல்ல வாகனமும் எண்ணெயும் ஆகும். பின்தொடரும் பஸ் வண்டிகளுக்கு வேறு. கடன்பட்டு நகரத் தகனசாலைக்குச் செல்வதினும், ஊற்றுக்கு விலகிய சவக்காலையில் மருந்தேற்றாத உடலைத் துணியிற் சுற்றி அடக்குதல், இம்மலைப்பகுதிக்கு நிலத்தாலும் பொருளாலும் சிறந்ததென்று யாம் கருதுகின்றோம். நெருங்கிய நகரத்தில் நிலங் கிடையாதார்க்குத் தகனமே தகும்.

தென்னாபிரிக்க ஆயர் டெசுமன் துட்டு 2021 இறுதியிற் காலமானபோது, அவர் வேண்டியபடி உடல் காரநீரிற் கரைக்கப்பட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 2019இல் உடலை எருவாக்குதற்குச் சட்டமியற்றிற்று. இவற்றை அறிந்துகொள்க, நமக்கு இப்போது வேண்டுவன அல்ல.

அஸ்தியும் ஆறும்

காடாற்றியபின் சாம்பலை மகாவலியில் இடுதல் கண்டிப்பகுதியில் நெடுங்கால வழக்கம். கண்டி அரசரின் தகனம் அஸ்கிரியவில் அதாகன மலுவையில் நடந்தது. அச்சாம்பல் கட்டுகஸ்தொட்டைத் துறையிற் கொண்டுசெல்லப்பட்டு நடு ஆற்றில் விடப்பட்ட முறையை, இராணுவ வைத்தியராயிருந்த ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. தெல்தெனியவுக்கு அப்பால் மெதமகாநுவரைப் பக்கத்தில் 1815 பெப்ருவரி 18ஆம் நாள் பிடிபட்ட அவர், 1832இல் வேலூரிற் சிறையிலேயே மாண்டார். பாலாற்றருகே அவர் நினைவிடம் இருக்கின்றது.

அக்காலத்து மகாவலி ஓடும் ஆறு. துறையில் இட்ட சாம்பல் கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்ந்திருக்கும். குடாவுக்கு எதிரே கோணேசர் மலை. இக்காலத்தோ பொல்கொல்லையில் 1976இல் மறிப்பு, பின்னர் விக்டோரியா, அதன்கீழ் ரந்தெனிகலை, ரந்தம்பை. தெல்தெனியவில் நாம் காண்பது ஆற்றின் பெயருடைய குளம். அதிலிட்டது கடலுக்குப் போகாது, அடியிலே படியும். சாம்பல் ஒன்றினாற் பெருங்கேடு விளையாது. அது பெரும்பாலும் சுண்ணமும் பொசுபரசுங் கூடிய உப்பு. ஆனால் அதனோடு விடப்படும் பொலித்தீன் பை, செயற்கைத் துணி, எண்ணெய்ப் போத்தல், தகரத்தட்டு முதலியன கரையாப் பொருள்கள். மண்கலயத்திற் சாம்பலை மாத்திரம் கொண்டு செல்க. பூவைக் கையளவு தூவுக. மற்றவை வீட்டுக்கே திரும்புக.

சாம்பலை மரத்தடியில் இடலாமே எனின், இடலாம். ஆயின் குவித்தலாகாது. அது காரத்தன்மை மிக்கது. தேயிலையோ புளிப்பு மண்ணை விரும்புஞ் செடி. அகலமாகத் தோண்டி மண்ணோடு நன்கு கலந்தபின், வேம்போ பலாவோ நடுதல் நன்று.

தண்ணீர் என்னும் பெயரால்

நீரைக் காத்தல் பற்றி இத்துணை எழுதியபின், நீரின் பெயரால் நடந்த ஒரு கொடுமையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. 2020 ஏப்ரல் 11ஆம் நாள் வர்த்தமானியால், கொவிட் தொற்றில் இறந்தோர் யாவரையும் எரித்தே ஆகவேண்டுமென்று இலங்கை அரசு விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். புதைத்தலும் எரித்தலும் இரண்டும் ஏற்புடையன என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே கூறியிருந்தது. பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தையும் பெற்றோர் இசைவின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ருவரி 25ஆம் நாள் அவ்விதி மாற்றப்பட்டது. மார்ச் முதல் மட்டக்களப்பு ஓட்டமாவடியிற் புதைத்தல் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. தெல்தெனியப் பகுதி 2018 மார்ச்சில் முஸ்லிம் மக்கள்மேல் நிகழ்ந்த வன்செயலைக் கண்ட பகுதி. இங்கே கற்பிக்கும் ஆசிரியர் இதனை மாணாக்கர்க்கு மறைத்தலாகாது. தண்ணீரைப் பற்றிய கூற்று எதுவாயினும் அளந்து காட்டியதா, அச்சத்தால் எழுந்ததா என்று வினாவப் பழக்குதலே விஞ்ஞான பாடம். மேலே யாம் தந்த 250 மீற்றர், 30 மீற்றர் அளவுகள் இடத்தைத் தெரிதற்கு உரியன. ஒருவர் சமய வழக்கை மறுத்தற்கு உரியனவல்ல.

கண்ணும் உடம்பும் ஈதல்

ஈமத்துக்கு முன்னே ஓர் ஈகைக்கும் இடமுண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கைக் கண்தான சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலம் அனுப்பி வருகின்றது. இறந்து சில மணி நேரத்துள் எடுத்தல் வேண்டுமாதலின், முன்பே பதிந்து வீட்டார்க்கும் சொல்லிவைத்தல் அவசியம். எடுத்தபின் முகம் சிதைவதில்லை. குறையுடலோடு போனால் மறுபிறப்பிற் குருடாவர் என்று அஞ்சுவோர்க்குக் கண்ணப்பர் சரிதத்தைச் சொல்லுக. தம் கண்ணை இடந்து அப்பியவர் திருவடி பெற்றார், ஒளியிழந்தாரல்லர். தேகத்தை மருத்துவக் கல்விக்கு ஈவோர்க்குப் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அண்மையிலுள்ளது. அத்தகையோர்க்கும் வீட்டிற் செய்யவேண்டிய கிரியைகளைக் குருக்களைக் கேட்டுச் செய்தல் கூடும்.

வீண் அலங்காரம்

இதனை விரைந்து முடிப்போம். இலங்கையில் 2017 செப்டம்பர் 1 முதல் பொது வைபவங்களிற் பொலித்தீன் அலங்காரம் தடையானது. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் பூமாலையும் தடைப்பட்டது. ஆகவே தெருவெங்கும் வெள்ளைப் பொலித்தீன் கட்டுதல் சட்டத்துக்கும் மாறு. வெள்ளைத் துணிக்கொடி தைத்துச் சங்கத்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் உதவும். துவைத்து மறுபடியுங் கட்டலாம். மலர்வளையத்துக்குச் செலவாவதை இறந்தவர் வீட்டுக் குழந்தையின் புத்தகத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிய சங்கங்கள் பாராட்டத்தக்கன. பட்டாசைப் பற்றி எழுதவும் வேண்டுமோ!

வகுப்பிலும் ஊரிலும்

மேல்வகுப்பு மாணாக்கரைக் கோடையில் ஒருநாள் வெளியே அழைத்துச் செல்க. சவக்காலையிலிருந்து அண்மைப் பீலி வரை காலடியால் அளக்கச் செய்க. ஒருவன் காலடி எத்தனை சென்ரிமீற்றரென்று முன்னரே வகுப்பிற் கணித்துக்கொண்டால் மீற்றர்க் கணக்குத் தானே வரும். சரிவு எப்பக்கம், மழைநீர் எவ்வழி ஓடும் என்று படம் வரைக. அப்படத்தின் ஒரு படியைத் தோட்ட நிருவாகத்துக்கும், மற்றொன்றை மெததும்பறைப் பிரதேச சபைக்கும், சவக்காலைக்கு எல்லைக்கல் நாட்டவும் பெயர்ப்பதிவேடு வைக்கவும் வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு பெற்றோர் சங்கத்தின் வாயிலாக அனுப்பலாம். மயானங்களுக்கென 1899இலேயே கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டுள்ளது. அதனைத் துணைக்கொண்டு எழுதுக.

மரணாதார சங்கக் கூட்டத்திலே மற்றொன்று செய்யத்தகும். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கையொப்பமிட்டு வைக்கட்டும்: எரித்தலோ புதைத்தலோ; மருந்து ஏற்றலாமோ, ஆகாதோ; பெட்டி எத்தகையது; எத்தனை நாள் வைத்தல்; கண் ஈதல் உண்டோ; சாம்பல் எங்கே; செலவுக்கு மேலெல்லை எவ்வளவு. நோய் முற்றிய காலத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதோ, வீட்டுக்குக் கொணர்ந்து தேவாரம் ஓதக் கேட்பிப்பதோ என்பதையும் அதிலேயே சேர்க்கலாம். இத்தாள் பெரிய சட்டப்பத்திரமன்று. ஆயினும் தந்தையின் கையெழுத்தை நடுவீட்டில் வாசித்தபின் அண்ணன் தம்பியர் பிணங்குதல் குறையும். தாளின் ஒரு படி சங்கச் செயலாளரிடத்தும் மற்றொன்று மூத்த பிள்ளையிடத்தும் இருத்தல் வேண்டும். முதலில் எழுதிக் கொடுப்பவர் ஆசிரியராயிருந்தால் மற்றவர் கூச்சமின்றி எழுதுவர்.